இலவச வைஃபையில் கடைக் கணக்கு: மடிக்கணினி வைத்திருக்கும் வணிகர்களின் கவனத்திற்கு

மாதம் பிறந்தால் 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ம் தேதி 3பி. 2017 ஜூலை 1-ம் தேதிக்குப் பிறகு நம் வணிகர்களின் காலண்டரில் அமாவாசை, கிருத்திகைக்கு அடுத்தபடியாக வட்டம் போட்டு வைக்கப்படுபவை இந்த இரண்டு தேதிகள்தான். காலாண்டுக் கணக்கு கொடுக்கும் சிறு வணிகர்களுக்குத் தேதி சற்று முன்பின்னாக இருக்கலாம். ஆனால் கவலை ஒன்றுதான்.

வடக்கனந்தலிலோ கச்சிராயபாளையத்திலோ கடை வைத்திருப்பவர் அந்தத் தேதியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மளிகைச் சரக்கு எடுக்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருப்பார். சென்னையில் கம்பெனி ஏஜென்சியைப் பார்க்கப் போயிருப்பார். கல்வராயன் மலைக் கடைகளுக்குப் போட்ட சரக்குக்கு வசூல் செய்ய வெள்ளிமலைப் பக்கம் ஏறியிருந்தால், வளைவுக்கு வளைவு செல்போன் சிக்னல் வந்து வந்து போகும். இப்படி அலைந்துவிட்டு ஒரு பெரிய ரயில் நிலையத்திலோ லாட்ஜிலோ உட்கார்ந்து பையிலிருந்து மடிக்கணினியைத் திறக்கும்போது, அன்றைய டேட்டா தீர்ந்துபோயிருக்கும். எதிரே 'இலவச வைஃபை' என்று போர்டு தொங்கும். உடனே இணைத்துவிடத்தான் கை போகும்.

இணைப்பது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. எப்படி இணைப்பது, இணைத்த பிறகு எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்பதைத்தான் சொல்ல வந்தோம். இன்று ஒரு மளிகை வணிகரின் மடிக்கணினியில் இருப்பது சினிமாப் பாட்டு அல்ல. டேலி கணக்கு, வாடிக்கையாளர் பாக்கி, வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு, ஈ-வே பில் பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான். கல்லாப்பெட்டியையே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்குச் சமம் இது.

இலவசம் எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டில் பெரிய அளவில் இலவச வைஃபை பரவியது ரயில் நிலையங்களில்தான். ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனமும் கூகுளும் சேர்ந்து 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கின. 2020-ல் கூகுள் விலகிக்கொண்டது. ரெயில்டெல் 'ரெயில்வயர்' என்ற பெயரில் தொடர்ந்து நடத்தி, 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்குக் கொண்டு சென்றது. நாள் ஒன்றுக்கு முதல் 30 நிமிடம் இலவசம், அதற்கு மேல் வேண்டுமானால் கட்டணம் என்ற முறை 2021-ல் வந்தது.

இணைத்தவுடன் ஒரு பக்கம் திறந்து செல்போன் எண்ணைக் கேட்கும். எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். அதைப் போட்டால்தான் இணையம். 'இலவசம் என்று சொல்லிவிட்டு எதற்கு என் நம்பர்?' என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அதற்குப் பின்னால் ஒரு சோகமான கதை இருக்கிறது.

2008 ஜூலையில் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது அல்லவா, அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் பத்திரிகை, தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போயிற்று. போலீசார் தடம் பிடித்துப் போனபோது அது நவி மும்பையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்த அமெரிக்கரின் இணைப்பில் முடிந்தது. அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமில்லை. அவர் வீட்டு வைஃபைக்குத் தகுந்த பூட்டு இல்லாததால், வேறு யாரோ அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் அவர் விசாரணைக்கு ஆளாகி அலைக்கழிந்தார். அடுத்த மாதமே மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்து இன்னொரு மின்னஞ்சல் போயிற்று. இதையடுத்து 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது: பொது இடத்தில் வைஃபை கொடுப்பவர், பயன்படுத்துபவர் யார் என்று தெரிந்து பதிவு வைத்திருக்க வேண்டும். அந்த ஓ.டி.பி. அங்கிருந்து வந்தது.

ஆகவே எண்ணும் ஓ.டி.பி.யும் கேட்பது முறையானது. அதற்கு மேல் கேட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். 'உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டைப் போடுங்கள்', 'ஏ.டி.எம். கார்டு எண்ணைப் போடுங்கள்', 'ஆதார் எண்ணைப் போடுங்கள்' என்று இலவச வைஃபையின் முதல் பக்கம் கேட்டால், மடிக்கணினியை மூடிவிட்டு ஒரு டீ குடிக்கப் போவது உத்தமம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஆஸ்திரேலியாவில் நடந்தது. ஒரு மனிதர் கையடக்கமான கருவி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் கூட, அங்குள்ள உண்மையான வைஃபையின் பெயரிலேயே ஒரு போலி வைஃபையை ஓடவிட்டார். இணைந்தவர்களை ஒரு போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோய் மின்னஞ்சல் பாஸ்வேர்டையும் சமூக வலைத்தளப் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டார். பறந்துகொண்டிருந்த விமானத்தில் சந்தேகமான வைஃபை தெரிவதை ஊழியர்கள் கவனித்துப் புகார் கொடுத்ததால் 2024 ஏப்ரலில் சிக்கினார். 2025 நவம்பரில் 7 ஆண்டு 4 மாதம் சிறைத் தண்டனை கிடைத்தது. விமான நிலையத்தில் செய்ய முடிந்ததைப் பேருந்து நிலையத்தில் செய்ய எத்தனை நேரம் ஆகும்?

வைஃபைக்குப் பெயர் வைப்பதற்கு யாரும் லைசென்ஸ் வாங்குவதில்லை. நம் ஊரில் ஒரு பெயரில் நன்றாக ஓடும் ஊறுகாய்க்குப் பக்கத்து ஊரில் அதே நிற லேபிளில் டூப்ளிகேட் வருவதில்லையா, அப்படித்தான். இன்னொரு சங்கடமும் உண்டு. ஒருமுறை இணைத்த பெயரை மடிக்கணினி ஞாபகம் வைத்துக்கொள்ளும். 'தானாக இணை' என்பது இயக்கத்தில் இருந்தால், அடுத்த முறை அதே பெயரில் பூட்டில்லாத வைஃபை எங்கே தென்பட்டாலும் உங்களைக் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும்.

துண்டுக்கு அடியில் விலை பேசுவது

பூட்டில்லாத வைஃபையில் உங்கள் மடிக்கணினி பேசுவது வானொலி போல நாலா பக்கமும் போகிறது. பக்கத்து பெஞ்சில் இருப்பவரின் கணினியும் அதைக் கேட்க முடியும். 2010 அக்டோபரில் அமெரிக்காவில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் 'ஃபயர்ஷீப்' என்று ஒரு சிறு இணைப்பு மென்பொருளை வெளியிட்டார். காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால், அங்கே ஃபேஸ்புக் திறந்து வைத்திருப்பவர்களின் கணக்குக்குள் அவர்கள் பெயரிலேயே நுழையலாம். வலைத்தளக் கம்பெனிகள் பாதுகாப்பில் காட்டிய கஞ்சத்தனத்தை வெளிச்சம் போட்டுக் காட்டவே இதைச் செய்ததாக அவர் சொன்னார். பலனும் கிடைத்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் பெரிய தளங்கள் எல்லாம் 'எச்.டி.டி.பி.எஸ்' என்ற மறைமொழி முறைக்கு மாறிவிட்டன.

இதை நம்மவர்களுக்கு விளக்குவது சுலபம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நிற்பார்கள். இருவர் பேசுவது எல்லோருக்கும் தெரியும், விலை என்ன என்பது மட்டும் தெரியாது. எச்.டி.டி.பி.எஸ் என்பது அந்தத் துண்டு. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது வைஃபை நடத்துபவருக்குத் தெரியக்கூடும். அங்கே போட்ட பாஸ்வேர்டும் எண்ணும் தெரியாது.

ஆகவே 2010-ல் இருந்த ஆபத்து இன்று அதே உருவில் இல்லை. இலவச வைஃபையில் கால் வைத்தாலே பணம் போய்விடும் என்று வாட்ஸப்பில் சுற்றுவதை அப்படியே நம்ப வேண்டாம். இன்றைய ஆபத்து துண்டைக் கிழிப்பதில் இல்லை, உங்களையே துண்டை எடுக்க வைப்பதில் இருக்கிறது. வங்கித் தளத்தைத் திறக்கும்போது 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று கணினி ஒரு பக்கம் முழுக்க எச்சரிக்கை காட்டும். கீழே சின்ன எழுத்தில் 'பரவாயில்லை, தொடர்க' என்றும் இருக்கும். அவசரத்தில் அதை அழுத்திவிடுகிறோம். முத்திரை இல்லாத எடைக்கல்லில் கொள்முதல் செய்கிறோமா? அந்த எச்சரிக்கை சொல்வது அதைத்தான்: எதிரே இருப்பவரின் முத்திரை சரியில்லை. பொது வைஃபையில் இது வந்தால் தொடரவே கூடாது.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் போதும் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அது உதவாது. போலித் தளக்காரனும் பூட்டு வாங்கிவிடுகிறான், இலவசமாகவே கிடைக்கிறது. கூகுள் குரோம் 2023-ல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. என்றால் 'ஜிஎஸ்டி டாட் கவ் டாட் இன்' என்று முடிய வேண்டும். தேடிப் பிடித்து முதலில் வருவதை அழுத்தாமல், ஊரில் இருக்கும்போதே வங்கி, ஜி.எஸ்.டி., ஈ-வே பில் மூன்றையும் புக்மார்க் செய்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

டீக்கடைச் சுவரில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருக்கிறார்களே, அது பூட்டுள்ள வைஃபைதானே என்று கேட்கலாம். எல்லோருக்கும் ஒரே சாவி என்றால் அது பூட்டு ஆகுமா? பழைய டபிள்யூ.பி.ஏ.2 முறையில், அந்தப் பாஸ்வேர்டு தெரிந்த இன்னொருவர் முயன்றால் உங்கள் பேச்சை ஒட்டுக்கேட்க வழி உண்டு. 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறை இந்த ஓட்டையை அடைக்கிறது. ஆனால் டீக்கடையில் இருப்பது எது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சொல்வது கடினம்.

மடிக்கணினியில் செய்ய வேண்டியவை

நம் கடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பில் போடும் கணினியும் மடிக்கணினியும் ஒரே டேலி கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, சர்வீஸ் பையன் வந்து டேலி ஃபோல்டரை 'ஷேர்' போட்டு வைத்திருப்பான். பாஸ்வேர்டு கேட்டால் தொல்லை என்று அதையும் எடுத்திருப்பான். கடைக்குள் இருக்கும்வரை சரி. அதே மடிக்கணினியை ரயில் நிலைய வைஃபையில் இணைத்து, 'இது வீட்டு நெட்வொர்க்கா, பொது நெட்வொர்க்கா' என்ற கேள்விக்குத் தவறான பதில் கொடுத்தால், பத்து வருடக் கணக்கு அந்த வைஃபையில் இருக்கும் எவருக்கும் திறந்த கடையாகிவிடலாம். எச்.டி.டி.பி.எஸ் இதற்கு உதவாது. வாசலில் துண்டு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' என்ற இடத்துக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபையின் பெயரை அழுத்தினால் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்று இரண்டு இருக்கும். வெளியூரில் எப்போதும் பப்ளிக். அதைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர் கண்ணுக்கு உங்கள் கணினி தெரியாது. ஷேர் போட்ட ஃபோல்டரும் மறையும், பொது நெட்வொர்க்குக்கும் ஷேரைத் திறந்துவிடும்படி யாராவது முன்பே மாற்றி வைத்திருந்தால் தவிர. ஆகவே 'அட்வான்ஸ்டு ஷேரிங்' என்ற இடத்தில் பொது நெட்வொர்க்குக்கு ஃபைல் ஷேரிங் 'ஆஃப்' ஆக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபயர்வால் இயக்கத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்து கிளம்பும்போது அந்த வைஃபையின் பெயரை 'ஃபர்கெட்' கொடுத்து மறக்கடித்துவிட வேண்டும்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அப்போது பிள்ளைகளுக்குக் கிடைத்தது படிப்பு முடிந்ததும் அப்பா கடைக்கு வந்து கணக்கு எழுதுவதைப் பல ஊர்களில் காணலாம். வீணாக்காமல் பயன்படுத்துவது நல்லதுதான். ஆனால் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அப்படிப்பட்ட பழைய கணினி கடைக்குள் கணக்கு எழுதட்டும், பொது வைஃபைக்குக் கொண்டுபோக வேண்டாம். திருத்தம் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு: 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மேத்தி வான்ஹோஃப், டபிள்யூ.பி.ஏ.2 முறையிலேயே ஒரு குறையைக் கண்டுபிடித்து வெளியிட்டார். திருத்தம் வாங்கிய கணினிகள் தப்பின.

அப்டேட் வேண்டும் என்பதால் லாட்ஜ் வைஃபையில் இணைத்தவுடன் எட்டிப்பார்க்கும் 'அப்டேட் செய்க' பெட்டியை அழுத்திவிடாதீர்கள். சில ஆசிய நாடுகளின் ஓட்டல்களில் தங்கிய தொழிலதிபர்களுக்கு, ஓட்டல் வைஃபை வழியாகவே போலி அப்டேட் கொடுத்து வேவு பார்த்த ஒரு கும்பலைப் பற்றி 2014 நவம்பரில் காஸ்பர்ஸ்கை நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. அப்டேட்டை ஊரில், சொந்த இணைப்பில் செய்துகொள்ளுங்கள்.

வி.பி.என். போடலாமா என்றும் கேட்கிறார்கள். நல்ல வி.பி.என். என்பது உங்கள் பேச்சு முழுவதையும் ஒரு குழாய்க்குள் விட்டு அனுப்புவது போல. ஆனால் குழாயின் மறுமுனையில் இருப்பவரை நம்ப வேண்டும். இலவச வி.பி.என். கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்று ஒரு வியாபாரிக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் அளவுக்கு அது தேவையில்லை என்பதே நம் கருத்து.

அதைவிடச் சுலபமான வழி சட்டைப் பையில் இருக்கிறது. செல்போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, நல்ல பாஸ்வேர்டு வைத்து, அதில் மடிக்கணினியை இணையுங்கள். சார்ஜர் ஒயர் வழியாகவும் இணைக்கலாம். ஒரு ரிட்டர்ன் தாக்கல் செய்யவோ ஒரு ஈ-வே பில் போடவோ ஆகும் டேட்டா மிகக் குறைவு. டேட்டா பறந்துபோவதாகத் தோன்றுவதற்குக் காரணம், நெட் கிடைத்தவுடன் விண்டோஸ் பின்னால் இறக்கிக்கொள்ளும் அப்டேட்டுகள். வைஃபை அமைப்பில் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை ஆன் செய்துவிட்டால் அது பெருமளவு அடங்கும். ரயில் நிலைய வைஃபையைச் செய்தி படிக்கவும், ரயில் நேரம் பார்க்கவும், மார்க்கெட் விலை பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பணமும் பாஸ்வேர்டும் உள்ள வேலைக்குச் சொந்த சிம் போதும்.

ஈ-வே பில் விஷயம்

பாஸ்வேர்டு போனால் பணம் மட்டுமா போகும்? உங்கள் பெயரில் இன்னொருவர் ஈ-வே பில் போட்டுச் சரக்கு நகர்த்தினால், நோட்டீஸ் வருவது உங்கள் கடைக்கு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்ச ரூபாய்க்கு மேலும், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும் வரியுள்ள சரக்குக்கு இது வேண்டும் என்பது அனைவரும் அறிந்ததே. 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகர்களுக்கும் ஈ-வே பில் தளத்தில் பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கட்டாயமாகிவிட்டது. முதலில் நாமும் முணுமுணுத்தோம். ஆனால் பாஸ்வேர்டு களவு போனாலும் கதவு திறக்காது என்பதால், இது நமக்குச் சாதகமே.

இதில் நம் பகுதியில் ஒரு கோணல் இருக்கிறது. பதிவு செய்யும்போது ஆடிட்டர் அலுவலகத்தின் செல் நம்பரையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்ட கடைகள் நிறைய. ஓ.டி.பி. அங்கே போகிறது. அவர்கள் அதை வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். கடைச் சாவியைப் பக்கத்துத் தெருவில் வைத்திருப்பது போன்றது இது. பதிவு விவரத்தில் எண்ணையும் மின்னஞ்சலையும் ஜி.எஸ்.டி. தளத்திலேயே மாற்றிக்கொள்ளலாம், அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆடிட்டரிடம் மனத்தாங்கல் இல்லாமல் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். பில் போடும் பையனுக்கு முதன்மைப் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், ஈ-வே பில் தளத்தில் 'சப் யூசர்' உருவாக்கிக் கொடுக்கலாம். அவன் வேலையை விட்டுப் போனால் அதை மட்டும் நிறுத்தினால் போதும்.

நாமே வைஃபை கொடுத்தால்?

கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பது இப்போது பரவி வருகிறது. 2020 டிசம்பர் 9-ல் மத்திய அமைச்சரவை 'பி.எம். வாணி' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பெட்டிக்கடை, டீக்கடை, மளிகைக் கடை எதுவானாலும் லைசென்ஸ் கட்டணமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் பொது வைஃபை நிலையமாகி, சிறு தொகைக்கு இணையம் விற்கலாம். யார் பயன்படுத்தினார்கள் என்ற பதிவைத் திட்டத்தில் சேர்ந்த செயலியும் அதன் நிறுவனமும் பார்த்துக்கொள்ளும். மலையடிவாரத்து ஊர்களுக்கு இது பொருத்தமான திட்டம் என்றே நினைக்கிறோம். அதில் சேராமல் சொந்தப் பிராட்பேண்ட் பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டும் கடைக்காரர், நவி மும்பைக் கதையை இன்னொரு முறை படிக்கவும்.

எப்படிக் கொடுத்தாலும் பில் மிஷின், கேமரா, டேலி கணினி ஆகியவை இருக்கும் அதே இணைப்பில் வாடிக்கையாளரை விடாதீர்கள். இப்போதைய ரவுட்டர்கள் பலவற்றில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று தனி வழி இருக்கிறது. கேபிள்காரரிடம் சொன்னால் போட்டுக் கொடுப்பார். ரவுட்டரோடு வந்த 'அட்மின்' பாஸ்வேர்டையும் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கணக்கிலிருந்து பணம் போனதாகத் தெரிந்தால், யோசித்துக்கொண்டிருக்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை என்று வகுத்தது. ஓ.டி.பி.யை நாமே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போனது நம் தலையில், தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பில். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, வேறொரு நம்பகமான கணினியிலிருந்து முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டையும், அடுத்து வங்கி, ஜி.எஸ்.டி., ஈ-வே பில் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். ஈ-வே பில் தளத்தில் உங்கள் பெயரில் அந்த வாரம் போடப்பட்ட பில்களின் பட்டியலை எடுத்து, நீங்கள் அனுப்பாத சரக்கு எதுவும் அதில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பில் போட்ட 24 மணி நேரத்துக்குள் இருந்தால் அதை அங்கேயே ரத்து செய்யலாம்.